தெரியவில்லையா, திறக்கவில்லையா?

திருச்சியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் வீட்டிலிருக்கும் இன்னொன்றில் திறக்க முடியவில்லை என்று கூப்பிடுவார்கள். போனிலேயே நான் ஒன்று கேட்பேன்: "அந்தக் கம்ப்யூட்டர் தெரியவே இல்லையா, தெரிஞ்சும் திறக்கலையா?" முன்னது பாதைக் கோளாறு, பின்னது அனுமதிக் கோளாறு. இதைப் பிரிக்காமல் செட்டிங்ஸைக் குடைந்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வேலை முடியாது.

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ஷேரிங் எல்லாம் போட்டாச்சு தம்பி, மாடிக் கம்ப்யூட்டர் மட்டும் கீழே வரமாட்டேங்குது" என்றார். "மாடிக்கு வைஃபை எங்கேயிருந்து வருது சார்?" என்றேன். சிக்னல் எட்டவில்லை என்று மகன் தனி ரவுட்டர் வாங்கி வைத்திருந்தார். கீழே லேப்டாப்பின் ஐபி முகவரி 192.168.1 என்று தொடங்கியது, மாடியில் 192.168.0. இரண்டிலும் இன்டர்நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அவை இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள். கீழே இருப்பது மாடி ரவுட்டரைத் தாண்டி உள்ளே போக முடியாது. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிட்டன. ஒரு கம்ப்யூட்டர் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலும் இதே தொல்லைதான்.

நெட்வொர்க் ஒன்றுதான் என்று உறுதியானால், விண்டோஸ் அதை 'பப்ளிக்' என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கம்ப்யூட்டர் தன்னை மற்றவற்றுக்குக் காட்டிக்கொள்ளாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். அதன் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்பது போல, அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை அடியுங்கள். பெயர் பட்டியலில் வராவிட்டாலும் இப்படித் திறந்துவிட்டால் பாதை சரியாக இருக்கிறது. பட்டியல் மட்டும்தான் வேலை செய்யவில்லை. ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, ஃபோல்டரை ஒரு டிரைவாக இணைத்துத் தந்துவிடுவேன்.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு, கொடுத்தால் மறுக்கிறது என்றால் அது அனுமதிப் பிரச்சினை. தினமும் அடிக்கிற நான்கு இலக்க 'பின்' இங்கே செல்லாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டுமே செல்லும். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரின் கணக்குப் பெயரும் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. இதற்கென்று பாஸ்வேர்டுடன் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குவதுதான் நல்லது. ஃபோல்டரில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என்று இரண்டு இடங்களில் அனுமதி உண்டு. இரண்டில் எது கண்டிப்போ அதுதான் நடக்கும். ஒன்றில் கொடுத்து மற்றதில் விட்டுப்போன வீடுகள் ஏராளம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் ஒன்று தெரியவில்லை என்றால், எஸ்எம்பி 1-ஐ மறுபடி போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கோப்புப் பகிர்வின் மிகப் பழைய முறை அது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளையே முடக்கிய வானாக்ரை என்ற தீய மென்பொருள், எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை. அந்த டிஸ்க்கில் இருப்பதை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு அதை ஓய்வெடுக்க விடுங்கள்.

எப்போதோ ஷேரிங் வேலை செய்யட்டும் என்று ஃபயர்வாலை அணைத்து வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே திரும்பப் போட்டுவிடுங்கள். அது போட்டிருக்கும்போதே ஷேரிங் நன்றாக வேலை செய்யும்.