சமூக-தொழில்நுட்ப முறைமை

சமூக-தொழில்நுட்ப முறைமை என்பது, ஒரு பணியிடத்தின் கருவிகள், இயந்திரங்கள், வேலை நுட்பங்கள் ஆகியவற்றையும் அங்கு பணிபுரியும் மக்களிடையே நிலவும் உறவுகளையும் ஒன்றையொன்று சார்ந்த ஒரே முறைமையாகக் கொண்டு ஆராயும் கோட்பாடு ஆகும். இயந்திரத்தின் தன்மையே வேலையின் அமைப்பைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தை இக்கோட்பாடு ஏற்பதில்லை. ஒரே இயந்திரத்தைக் கொண்டு வேலையைப் பல வகையாகப் பகிர்ந்து அமைக்கலாம் என்பதும், அவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்பது சமூகத்தின் முடிவே என்பதும் இதன் அடிப்படைக் கருத்துக்களாகும். இக்கோட்பாடு 1950களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து உருவானது.

தோற்றம்

இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகியோர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பாம்ஃபோர்த் முன்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிரித்தானியச் சுரங்கங்கள் 1947இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஆயினும், இயந்திரங்கள் பெருகிய அளவுக்கு உற்பத்தி உயரவில்லை. தொழிலாளர் பலர் வேலையை விட்டு விலகினர். எஞ்சியோரிடையே வேலைக்கு வராமை மிகுந்திருந்தது.

பழைய முறை

இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், இருவர் அல்லது மூவர் கொண்ட சிறு குழு நிலக்கரியை வெட்டுதல், அள்ளுதல், கூரைக்கு முட்டுக் கொடுத்தல் ஆகிய எல்லா வேலைகளையும் தானே செய்தது. கூட்டாளியைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்தனர். வேலையின் வேகத்தையும் அவர்களே வகுத்துக்கொண்டனர். உயிருக்கு ஆபத்தான இருட்டில் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்ததால் இவ்வுறவு பல ஆண்டுகள் நீடித்தது. ஒருவர் விபத்தில் இறந்தால் அவரது குடும்பத்தைக் கூட்டாளி பராமரிப்பதும் உண்டு.

நெடுஞ்சுவர் முறை

வெட்டும் இயந்திரமும் கன்வேயர் பட்டையும் வந்த பின்னர், ஏறத்தாழ 180 முதல் 200 கஜம் வரை நீண்ட ஒரே முகப்பில் நிலக்கரி எடுக்கப்பட்டது. இது நெடுஞ்சுவர் முறை எனப்படும். சுமார் 40 பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் ஷிப்டு நிலக்கரியை வெட்டியது. இரண்டாவது ஷிப்டு கன்வேயரை நகர்த்தி, பாதையை அமைத்தது. மூன்றாவது ஷிப்டு நிலக்கரியை அள்ளி ஏற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை ஒதுக்கப்பட்டது. கூலியும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது.

இதன் விளைவாக, ஒருவர் வேலையை மற்றவர் சார்ந்திருந்தும் வெவ்வேறு ஷிப்டினர் ஒருவரையொருவர் காண முடியவில்லை. முந்தைய ஷிப்டு விட்டுச்சென்ற குறைகள் அள்ளுவோர் தலையில் விழுந்தன. அவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் தனித்தனியே உழைத்ததால் உதவிக்கும் ஆளில்லை. ஷிப்டினர் ஒருவர் மேல் ஒருவர் பழி சுமத்துவதும், நல்ல இடத்துக்காகப் பேரம் பேசுவதும், வேலைக்கு வராதிருப்பதும் இம்முறையோடு பிணைந்திருந்தன. இவற்றைத் தொழிலாளரின் சோம்பலாகக் கொள்ளாமல், வேலை அமைக்கப்பட்ட முறையின் விளைவாக ஆய்வாளர்கள் விளக்கினர்.

கூட்டு முறை

பாம்ஃபோர்த் தென் யார்க்சயரில் தாம் முன்னர் வேலை செய்த சுரங்கத்துக்குத் திரும்பிச் சென்றபோது, அங்கு ஒரு படிவில் புதிய ஏற்பாடு ஒன்றைக் கண்டார். இயந்திரங்களைக் கைவிடாமலேயே, தொழிலாளர்கள் தம்முள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களாக இயங்கினர்.

பின்னர் டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களில் டிரிஸ்டும் பிறரும் நடத்திய ஆய்வு 1963இல் நூலாக வெளிவந்தது. அதில், ஒரே வகை இயந்திரங்களைப் பயன்படுத்திய இரு முகப்புகள் ஒப்பிடப்பட்டன. ஒன்றில் வழக்கமான நெடுஞ்சுவர் ஏற்பாடு இருந்தது. மற்றதில் ஒவ்வொருவரும் பல வேலைகளைக் கற்றிருந்தனர். முந்தைய ஷிப்டு நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த ஷிப்டு தொடர்ந்தது. கூலி சமமாகப் பகிரப்பட்டது. வேலைக்கு வராமை முதலாவதில் 20 விழுக்காடாகவும், இரண்டாவதில் 8.2 விழுக்காடாகவும் இருந்தது. எட்டக்கூடிய உற்பத்தியில் முதலாவது 78 விழுக்காட்டையும் இரண்டாவது 95 விழுக்காட்டையும் எட்டின.

அகமதாபாத் ஆய்வு

டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் இதையொத்த ஆய்வை மேற்கொண்டார். அங்கு நிறுவப்பட்ட தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 224 தறிகளைக் கொண்ட கூடத்தில் 12 வகை வேலைகள் தனித்தனி ஆட்களிடம் இருந்தன. ஒரு தறி நின்றால் பலர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. எவருக்கும் அத்தறி முழுப் பொறுப்பாக இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பு என்னும் யோசனை முன்வைக்கப்பட்டபோது, தொழிலாளர்களே குழுக்களை அமைத்துக்கொண்டனர். அதன்பின் திறன் உயர்ந்து, துணிச் சேதம் குறைந்தது. 1970இல் மீண்டும் ஆராய்ந்தபோது சில இடங்களில் குழு முறை நிலைத்திருந்தது. வேறு சில இடங்களில் பழைய முறையே திரும்பியிருந்தது.

சமூகம் தொழில்நுட்பத்தை மாற்றுதல்

சமூகத்தின் தேவைகள் இயந்திர அமைப்பையே மாற்றியதற்கு சுவீடன் எடுத்துக்காட்டாகும். தொடர்ச்சியான பொருத்து வரிசையில் வேலை செய்ய ஆட்கள் விரும்பாத நிலையில், வால்வோ நிறுவனம் 1974இல் கால்மார் நகரில் புதிய கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. கன்வேயருக்குப் பதிலாகத் தனித்தனியே நகரும் தாங்கிகள் அங்கு வடிவமைக்கப்பட்டன. குழுக்கள் தம் வேகத்தைத் தாமே ஓரளவு கட்டுப்படுத்தின. இத்தொழிற்சாலை 1994இல் மூடப்பட்டது. நார்வேயில் 1977இல் இயற்றப்பட்ட பணிச்சூழல் சட்டம், வேலையின் அமைப்பையே சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது.

விமர்சனங்கள்

இக்கோட்பாடு தொழிலாளர் நலனும் உற்பத்தியும் எப்போதும் ஒத்துப்போகும் எனக் கருதுவதாகக் குறை கூறப்படுகிறது. முதலீடு, ஆலை மூடல் போன்ற முடிவுகள் நிருவாகத்திடமே இருக்கும்போது, குழுவின் தன்னாட்சி வரம்புக்குட்பட்டதே. மேலாளரின் கண்காணிப்பு நீங்கிய இடத்தில் சக தொழிலாளரின் நெருக்கடி வந்து சேரலாம் என்பதும் மற்றொரு விமர்சனமாகும்.

தற்காலப் பொருத்தம்

செயலி வழி இயங்கும் விநியோக வேலைகளில் யாருக்கு எந்த வேலை, எவ்வளவு நேரம் என்பனவற்றைக் கணினி நிரல் முடிவு செய்கிறது. நிரல் நடுநிலையானது போலத் தோன்றினாலும், வேலைப் பகிர்வு குறித்து எவரோ எடுத்த முடிவுகளே அதில் எழுதப்பட்டுள்ளன. 2021இல் சுபெயின் நாட்டுச் சட்டம், இத்தகைய நிரல்களின் அளவுகோல்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. செயலி வழித் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. வேலையின் அமைப்பை இயந்திரத்திடம் விட்டுவிட முடியாது என்னும் சுரங்க ஆய்வுகளின் முடிவு இங்கும் பொருந்துகிறது.

இவற்றையும் பார்க்கவும்

தொழிற்புரட்சி
பணிச்சூழலியல்
தொழிற்சங்கம்