இருட்டில் நடந்த கொலையைக் காதால் கேட்பது

முடிவு முன்னாடியே தெரிஞ்சா கொலைச்சதிக் கதை சப்புனு போயிடும்னு சொல்வாங்க. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' அதைப் பொய்யாக்குகிறது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. கல்கி நம்மைக் கட்டிப்போடுவது "யார் குத்தினது?" என்ற கேள்வியில்.

இதை ஒலிப்புத்தகமாகக் கேட்டால் சுவை கூடுகிறது. கடம்பூர் மாளிகையில் அந்த நேரம் பார்த்து விளக்கு அணைகிறது. ஒளிந்திருக்கும் வந்தியத்தேவனுக்கே ஒன்றும் தெரியவில்லை. பாம்பே கண்ணன் தயாரித்த, பல குரல்கள் நடிக்கும் ஒலிப்புத்தகத்தைக் கேட்கும்போது நாமும் அதே இருட்டில்தான் நிற்கிறோம். புத்தகத்தில் கண் நாலு வரி தாண்டி ஓடிவிடும். காது அப்படி ஓடாது.

கேட்டு முடித்ததும் கல்வெட்டுக்கு வாங்க. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது. எங்க உத்திரமேரூர்ல இருக்கிற, கரிகாலனின் கொள்ளுப்பாட்டன் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் இதே சிந்தனைதான்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு, அவர் உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக்கூடாது.

நாவல் கத்தி பிடித்த கையைத் தேடுகிறது. கல்வெட்டில், குற்றம் செய்யாத மாமன்மாரும் நிலத்தை இழக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய திகில்.