கிழவிக்கு என்ன தெரியும்?

1926இல் வெளிவந்த 'ரோஜர் அக்ராய்டின் கொலை' நாவலில் கரோலின் என்று ஒரு பாத்திரம் வருகிறது. கிராமத்து டாக்டரின் அக்கா, கல்யாணம் ஆகாதவர். வாசற்படி தாண்டாமலே ஊர்ச் செய்தி முழுவதும் அவர் காதுக்கு வந்துவிடும். அகதா கிறிஸ்டிக்கு அந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த ஆள் அவர்தான். 1928இல் அந்தக் கதை 'அலிபை' என்ற பெயரில் லண்டன் மேடை ஏறியபோது நாடகக்காரர்கள் கரோலினைத் தூக்கிவிட்டு, ஓர் இளம்பெண்ணைப் புகுத்தினார்கள். அந்த மனத்தாங்கல் கிறிஸ்டியின் சுயசரிதையிலும் தெரிகிறது. கரோலினை எழுதியபோது கிடைத்த குஷியிலிருந்துதான் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் பிறந்திருக்க வேண்டும் என்றும் அதில் சொல்கிறார்.

2025இல் ரிச்சர்ட் ஒஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவல் நெட்ஃப்ளிக்ஸில் படமாக வந்தது. துப்பறியும் நால்வரில் ஹெலன் மிர்ரனுக்கு 80 வயது, பென் கிங்ஸ்லிக்கு 81. பியர்ஸ் பிராஸ்னனும் சீலியா இம்ரியும் எழுபதைத் தாண்டியவர்கள். அன்று மேடைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட வயதுதான் இன்று சுவரொட்டியில் முதலில் நிற்கிறது.

ஆனால் மாறியது மவுசு மட்டுமல்ல. கதைக்குள் முதுமை செய்கிற வேலையே மாறிவிட்டது.

மார்ப்பிள் முதன்முதலில் தலைகாட்டியது 1927 டிசம்பரில், ஒரு சிறுகதையில். செவ்வாய்க்கிழமை இரவு ஆறு பேர் கூடி, விடை தெரியாத குற்றங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் கமிஷனர், வக்கீல், பாதிரியார், எழுத்தாளர், ஓவியர் என்று எல்லாரும் விஷயம் தெரிந்தவர்கள். மூலையில் பின்னல் ஊசியோடு அமர்ந்திருக்கும் பெண்மணியையும் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே அவர்களுக்கு முதலில் தோன்றவில்லை. அவர்தான் விடையைச் சொல்கிறார். கிழவிக்கு என்ன தெரியும் என்ற அலட்சியம்தான் மார்ப்பிளின் மூலதனம். கொலைகாரனும் அவர் முன்னால் வாய் தவறிப் பேசுவான்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் செயின்ட் மேரி மீட் என்ற கிராமம். எந்த ஆளைப் பார்த்தாலும் ஊரில் இன்னாரின் ஞாபகம் வரும். அதை வைத்து ஆளை எடைபோட்டுவிடுவார். இந்த முறைக்கு அடியில் ஒரு வர்க்கம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அனாதை விடுதிப் பெண்களை அழைத்து வந்து வீட்டுவேலைக்குப் பழக்குபவர் மார்ப்பிள். அவருக்குப் பாதிச் செய்தி அடுக்களை வழியாகத்தான் வருகிறது. 1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'யில், அவர் பழக்கிய கிளாடிஸ் என்ற பெண்ணைக் கொன்று, மூக்கில் துணிக்கிளிப்பை மாட்டிவிட்டுப் போகிறான் கொலைகாரன். கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போய் நிற்கிறார் மார்ப்பிள். அவ்வளவு கோபமாக அவரை வேறு எங்கும் அதிகம் பார்க்க முடியாது.

முதுமை உடம்பாக மாறியது 1962இல், 'தி மிரர் கிராக்டு' நாவலில். எனக்குத் தொடரிலேயே பிடித்த பக்கங்கள் அதன் தொடக்கத்தில்தான் உள்ளன. மார்ப்பிளால் இப்போது தோட்டத்தில் குனிந்து வேலை செய்ய முடியவில்லை. கண் மங்கி, பின்னலில் கண்ணிகள் தவறுகின்றன. சகோதரி மகன் பணம் கொடுத்து அமர்த்திய மிஸ் நைட் என்ற துணைப்பெண், அவரைக் குழந்தைபோல் நடத்துகிறாள். ஊர் ஓரத்தில் புதுக் குடியிருப்பு முளைத்திருக்கிறது, சூப்பர் மார்க்கெட் வந்திருக்கிறது. மிஸ் நைட்டை வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, நழுவிப்போய் அந்தக் குடியிருப்பைப் பார்க்கிறார். அங்கே இடறி விழுகிறார். தூக்கிவிட்டு டீ கொடுத்து உபசரித்த பெண்தான் பிறகு கொலையாகிறாள். துப்புத் தேடிப் போகவில்லை. விழுந்த இடத்தில் கிடைத்தது. அதை எழுதும்போது கிறிஸ்டிக்கும் எழுபதைத் தாண்டியிருந்தது.

கிறிஸ்டிக்கும் ஒஸ்மனுக்கும் நடுவே, அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மர்டர், ஷி ரோட்' 1984இலிருந்து 1996 வரை ஓடியது. துப்பறியும் கதாநாயகி ஜெசிகா ஃபிளெட்சர் விதவை, ஓய்வுபெற்ற ஆசிரியை. அதன் கடைசிப் பருவத்தில், பல ஆண்டு ஞாயிறு இரவில் கொடிகட்டிப் பறந்த தொடரை வியாழனுக்குத் தள்ளி, இளைஞர் மொய்த்த 'ஃபிரெண்ட்ஸு'க்கு எதிரே நிறுத்தினார்கள். கூட்டம் கலைந்தது. வயதானவர்கள் பார்க்கிற தொடருக்கு விளம்பரச் சந்தையில் விலை இல்லை என்று நினைத்த காலம் அது.

படத்துக்கு மூலமான முதல் நாவலை ஒஸ்மன் வெளியிட்டது 2020இல். அம்மா குடியிருந்த ஓய்வுக்கால இல்லத்தைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியதாம். கதை நடக்கும் கூப்பர்ஸ் சேஸ், கென்ட் மாவட்டத்தில் பழைய கன்னிமாடத்தைச் சுற்றி எழுந்த வசதியான இல்லம். இங்கே யாரும் மூலையில் ஒடுங்கியிருப்பதில்லை, நால்வர் சேர்ந்து துப்பறிகிறார்கள். நால்வரில் ஒருத்தியான எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவருகிறது. குழுவைத் தொடங்கிய தோழி பென்னி, நினைவின்றிப் படுக்கையில் கிடக்கிறாள். கொலையாளி யார் என்பது மறந்துபோனாலும் இவர்களை மறக்க முடிவதில்லை. மார்ப்பிள் உலகில் இந்த நினைவிழப்புக்கு அதிக இடம் இருந்ததில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. எலிசபெத் முன்னாள் உளவாளி. பென்னி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவள். ரான் தொழிற்சங்கத் தலைவர், இப்ராஹிம் மனநல மருத்துவர். எலிசபெத்துக்குச் சங்கடம் வந்தால் போதும், யாரோ ஒரு பழைய சகா அவளுக்குக் கடன்பட்டிருப்பான். இது அமெச்சூர் துப்பறிதலா? வாழ்ந்து, பார்த்து, வம்பு பேசிச் சேர்த்த அறிவு போதும் என்று 1927இன் வாசகர் நம்பினார். இன்று நமக்கு பயோடேட்டா தேவைப்படுகிறது. டியானா ரேபோர்ன் 2022இல் எழுதிய நாவலில் அறுபது வயதுப் பெண்கள் நால்வருமே ஓய்வுபெறும் கூலிக் கொலையாளிகள்!

மார்ப்பிளின் உண்மையான வாரிசு, ஒஸ்மனின் நால்வரில் டைரி எழுதுகிற ஜாய்ஸ்தான். நர்ஸாக இருந்தவள், கேக் செய்வாள், மகளின் போனுக்குக் காத்திருப்பாள். அவளை எல்லாரும் குறைவாகவே எடைபோடுகிறார்கள், தோழர்கள் உட்பட. அது அவளுக்கும் தெரியும்.

கடல் தாண்டி இன்னொரு வாரிசும் உண்டு. ஜெஸ்ஸி சுட்டான்டோவின் 2023 நாவலில் வரும் வேரா வோங்குக்கு அறுபது வயது. சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் வாடிக்கையாளர் அதிகம் வராத டீக்கடை நடத்துகிறாள். பழைய உத்தியோகம், ரகசியத் தொடர்பு எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் டீயும், அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கமும்தான். ஒரு காலையில் கடைக்குள் பிணம் கிடக்கிறது. போலீஸ் வருவதற்குள், அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மார்க்கர் பேனாவால் பிணத்தைச் சுற்றித் தானே கோடு போட்டு வைக்கிறாள். செத்தவன் கையிலிருந்த பென் டிரைவையும் எடுத்து ஒளித்துக்கொள்கிறாள். போலீஸிடம் கொடுத்தால் உருப்படியாக விசாரிக்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி.