போனோபோ

ஆப்பிரிக்காவின் நடுவே காங்கோ என்னும் பேராறு ஓடுகிறது. அதன் வடபுறக் காடுகளில் சிம்பன்சிகளும் தென்புறக் காடுகளில் போனோபோக்களும் வாழ்கின்றன. ஒரே மூதாதையின் வழிவந்த இவ்விரு வாலில்லாக் குரங்குகளும் நீந்த அறியா. ஆதலால் அகன்ற ஆறு இவற்றைப் பிரித்துவைத்தது. காலப்போக்கில் இவை இருவேறு இனங்களாயின.

சிம்பன்சிக் கூட்டத்தில் ஆண்களே தலைமை ஏற்கும். போனோபோக் கூட்டத்திலோ பெண்களின் கையே ஓங்கியிருக்கும். உடல் வலிமையில் ஆணே மிக்கது. ஆயினும் பெண்கள் ஒன்றுகூடி நிற்பதால் அது அடங்கி நடக்கிறது. வளர்ந்த ஆண், தாயை விட்டு நீங்காது. தாயின் செல்வாக்கே அதற்கும் மதிப்பைத் தருகிறது. பெண்ணோ பருவம் எய்தும் காலத்தில் பிறந்த கூட்டத்தை விட்டு வேறொரு கூட்டத்திற்குச் செல்கிறது. அங்கு மூத்த பெண் ஒன்றன் அருகில் அமர்ந்து, மயிர் கோதி, நட்பை வளர்த்துக்கொள்கிறது. அந்நட்பே புதிய இடத்தில் அதற்குத் துணை.

போனோபோக்கள் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் காடுகளில் மட்டுமே உள்ளன. வேட்டையும் காடழிப்பும் இவற்றை அழிவின் விளிம்பிற்குத் தள்ளியுள்ளன. தாய் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டி பிறக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். எனவே, இழந்த எண்ணிக்கையை ஈடுசெய்வது எளிதன்று.

கின்சாசா நகருக்கு அருகில் 'லோலா யா போனோபோ' என்னும் காப்பகம் உள்ளது. கிளாடின் ஆந்த்ரே என்னும் பெண்மணி இதனை 1994ஆம் ஆண்டில் தொடங்கினார். வேட்டையில் தாயை இழந்த குட்டிகளை இங்குள்ள பெண்கள் வளர்ப்புத் தாயராக இருந்து பேணுகின்றனர். நன்கு வளர்ந்தவற்றுள் சில, 2009 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்டுள்ளன. தாயன்பால் பிழைத்த உயிர்கள் தம் காட்டிற்கே திரும்புகின்றன.