இருதய வைத்தியமும் காப்பீட்டு அட்டையும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நோயுற்ற முதியவரை அவ்வழியே இறக்கிக் கொணர்ந்த பின்னர், ஒரு தாளுக்காக மீண்டும் மலையேறுவது கொடுமை. ஆதலின் மிளகும் காப்பியும் பயிரிடும் அங்கத்தினர்களும், அடிவாரத்து நெசவாளர்களும் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு உரியது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் காட்டி, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை பெறலாம். முதியவரின் பெயர் குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். யான் கண்டவரை, தாமதத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

அட்டை மட்டும் போதாது. இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும். அதற்காக மருத்துவமனை, ஆஞ்சியோகிராம் முதலிய சோதனை முடிவுகளைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி ஐயம் எழுப்பினால், மருத்துவமனை விடை தரும்வரை கோப்பு நகராது. உறவினரோ கம்பெனியை ஏசிக்கொண்டு தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பர்! எனவே கோப்பு எந்நாள் அனுப்பப்பட்டது, என்ன கேட்கப்பட்டது என்பவற்றை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வினவிக் குறித்துக்கொள்க. விடை கிட்டாவிடில் 1800 425 3993 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் முறையிடலாம்.

மாரடைப்பு எனத் தோன்றினாலோ அட்டையைத் தேடி நிற்க வேண்டா. 108ஐ அழைத்து உடனே புறப்படுக. அட்டையைப் பின்னால் ஒருவர் கொண்டுவரட்டும்.