மரத்த கைக்குக் காவல் யார்?

கையிலோ காலிலோ அறுவை சிகிச்சை என்றதும் முழு மயக்கம் கொடுத்தே தீரவேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது எப்போதும் தேவைப்படுவதில்லை. கைக்குரிய நரம்புகள் கழுத்தில் தொடங்கி, காறை எலும்பின் பின்புறமாக அக்குளை அடைகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையில் அவற்றைப் பார்த்தவாறே சுற்றிலும் மருந்தைச் செலுத்தினால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அந்தக் கை மட்டும் மரத்துவிடும். கால் அறுவைக்கு முதுகுத்தண்டிலோ, தொடை, முழங்கால் பகுதியிலோ ஊசி போடப்படும். அறுவையின்போது தொடுவதும் இழுப்பதும் தெரியலாம். வலி தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும், முன்பே கை கால் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்களும் அதனை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஊசி ஓரிடத்தில்தான் எனினும், சொல்லப்பட்ட நேரம்வரை வெறும் வயிற்றுடன் இருப்பது அவசியம். தேவைப்பட்டால் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம்.

வீடு திரும்பிய பின்னரே கூடுதல் கவனம் வேண்டும். லிக்னோகெய்ன் சில மணி நேரத்தில் தெளியும். புபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்றவற்றால் நரம்பருகே போடப்பட்ட ஊசி 8 முதல் 24 மணி நேரம்வரை நீடிக்கலாம். அதுவரை சூடும் கூர்மையும் அழுத்தமும் அந்தக் கைக்குத் தெரியா. அடுப்பருகே செல்லாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் தராதீர்கள், கையைத் துணிப்பட்டையில் தாங்கியே வையுங்கள். கால் மரத்திருந்தால், கழிவறைக்கும் துணையின்றி எழக்கூடாது.

உணர்வு திரும்பும்போது வலி திடீரெனப் பெருகும். பெரும்பாலும் அது நள்ளிரவாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே, வலி வரட்டும் எனக் காத்திராமல், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைக் குறித்த நேரத்தில், உறங்கும் முன்பே உட்கொள்ளுங்கள். ஊசி முள்ளாகக் குத்தும் உணர்வு, மருந்து தெளியத் தொடங்கியதற்கு அடையாளம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கட்டு இறுகினாலும் மரத்த கை வலியால் எச்சரிக்காது. எனவே விரல்களை அடிக்கடி பாருங்கள். அவை நீலம் பூத்தாலோ, வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, வீக்கம் கூடினாலோ, மாத்திரைக்கும் அடங்காத வலி எழுந்தாலோ, மருத்துவர் சொன்ன நேரம் கடந்தும் மரப்பு நீங்காவிட்டாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உணர்வு மீளும்வரை அந்தக் கைக்கு உங்கள் கண்களே காவல்.