பெட்டிக்குள் உறங்கும் சான்றிதழ்

மழைக்கால மாலையொன்றில் ராயகிரியிலிருந்து ஓர் இளந்தாய் நம்மைக் காண வந்தார். இடுப்பிலே குழந்தை, கையிலே பிளாஸ்டிக் உறையிட்ட கோப்பு. அமரச் சொன்னோம். அமர்ந்ததும் கண்கலங்கினார்.

"சாமி, எங்க அப்பா வயலை ஒத்திக்கு வைத்து நாலு வருஷம் என்னை நர்ஸிங் படிக்க வைத்தார். இப்போ நான் நர்ஸே இல்லையாம்!"

நடந்தது இதுதான். பட்டம் பெற்றபின் கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனையொன்றில் ஆறாண்டுகள் பணியாற்றியவர் அவர். திருமணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் நோய் என்று பணியை விட்டு ஊர் திரும்பினார். மூத்த பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், இராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் இடம் இருப்பதாகச் செய்தி வந்தது. சென்றார். "பதிவு புதுப்பித்திருக்கிறீர்களா?" என்று வினவினார்கள். பெட்டிக்குள்ளிருந்த பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோதுதான், அதன் காலம் முடிந்து மூன்றாண்டுகள் கடந்திருந்தது தெரியவந்தது.

படித்த படிப்பு செல்லாமற் போய்விட்டதா? இல்லை. பட்டம் என்பது பல்கலைக்கழகம் தந்தது. அதை எவரும் பறிக்க முடியாது. ஆனால் நோயாளியின் அருகே செவிலியராக நிற்கும் உரிமை வேறு. அது பதிவினால் வருவது. பதிவோ காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆதலின் இதைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

பதிவேடு ஏன் வந்தது?

ஒரு காலத்தில் வெள்ளை உடை அணிந்தவர் எவரும் தம்மைச் செவிலியர் என்று சொல்லிக்கொள்ளலாம். பயின்றவர் யார், பயிலாதவர் யார் என்று நோயாளி அறிய வழியில்லை. நியூசிலாந்து நாடு 1901-ஆம் ஆண்டில் செவிலியர்க்கென்றே ஒரு பதிவுச் சட்டம் இயற்றிற்று. நெடிய போராட்டத்திற்குப் பின் இங்கிலாந்து 1919-இல் அவ்வழியில் வந்தது. நம் சென்னை மாகாணம் அதிகம் பின்தங்கவில்லை. 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், தாதியர் சட்டத்தை இயற்றியது. இன்று சென்னை மயிலாப்பூரில், சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அச்சட்டத்தின் வழி வந்ததே. நாடு முழுமைக்கும் கல்வித் தரத்தைச் சீராக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய செவிலியர் குழுமம் எழுந்தது.

பதிவேடு நோயாளிக்கு ஒரு வாக்குறுதி: "உமக்கு ஊசி போடும் கை, பயின்ற கை." ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் பயின்ற கை, இன்றைய மருந்தையும் கருவியையும் அறியுமா? இக்கேள்வியிலிருந்தே புதுப்பித்தலும் தொடர்கல்வியும் பிறந்தன.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேட்டைக் காத்துவரும் நமக்கு இது புதிதன்று. குழந்தையின் பெயரை எழுதியதோடு அந்த ஏடு மூடப்படுவதில்லை. அதே பெயருக்கு எதிரே உறுதிபூசுதலும் திருமணமும் பின்னர் குறிக்கப்படுகின்றன. வாழ்வு நடக்க, ஏடும் உடன் நடக்கிறது. நடவாத ஏடு வெறும் பழங்காகிதமன்றோ?

கணினிக்கு ஏறிய ஏடு

முன்னாளில் இவ்வேடுகள் தடித்த புத்தகங்களாக அந்தந்த மாநிலத்தில் இருந்தன. இறந்தவர் பெயரும், வெளிநாடு சென்றவர் பெயரும், தொழிலை விட்டவர் பெயரும் அவற்றில் ஒன்றாய்க் கிடந்தன. இக்குறை தீர, இந்திய செவிலியர் குழுமம் நாடு முழுமைக்கும் ஒரே கணினிப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அதில் ஆதாரின் துணையோடு பெயர் சேர்க்கப்படும் ஒவ்வொரு செவிலியர்க்கும் தனித்த அடையாள எண் ஒன்று வழங்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டமும், இணையவழியில் உயிரோட்டமாய் இருக்கும் பதிவேட்டையே வலியுறுத்துகிறது.

இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். அவ்வைந்தாண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி. கேட்டவுடன் மலைப்பாகத் தோன்றும். வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 30 மணி, மாதத்திற்கு இரண்டரை மணி. சிறுகச் சிறுகச் சேர்த்தால் பாரமில்லை. ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் தேடினால் மலையே.

வெளிநாடு செல்ல எண்ணும் பிள்ளைகளும் இதை அறிதல் நலம். அங்கே விதி தளர்வன்று. பிரிட்டனில் 2016 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாட்டின்படி, செவிலியர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணியையும் 35 மணி நேரக் கற்றலையும் காட்ட வேண்டும்; தம் பணியை எண்ணிப் பார்த்து ஐந்து குறிப்புகளும் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் 20 மணி நேரக் கற்றல். ஆவணம் பேணும் பழக்கம் இங்கேயே படியாவிடின் அங்கே திடீரென வாராது.

மூன்று முட்கள்

இனி நம் ராயகிரிச் சகோதரியின் கதைக்குத் திரும்புவோம். இளைஞர் ஒருவரை உடன் அமர்த்தி, பங்கு அலுவலகக் கணினியிலேயே விண்ணப்பிக்க முயன்றோம். மூன்று இடங்களில் முள் தைத்தது.

முதலாவது, கைப்பேசி எண். பழைய பதிவில் கொடுத்திருந்தது அவருடைய எண்ணன்று. கல்லூரி நாளில் உதவிய கணினி மையத்துக்காரரின் எண். கணினி அனுப்பும் ஓ.டி.பி. யாருக்கோ சென்றது. அந்த மையம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

இரண்டாவது, பெயர். திருமுழுக்கு ஏட்டில் 'மரிய' என்ற முன்சொல்லுடன் ஒரு பெயர்; பள்ளிச் சான்றிதழில் அது நீங்கித் தந்தையின் முதலெழுத்துடன் ஒரு பெயர்; ஆதாரில் கணவர் பெயரைப் பின்னே சேர்த்து ஒரு பெயர். நமக்கு மூவரும் ஒருவரே. கணினிக்கு மூவரும் மூவரே. விண்ணப்பம் திரும்பி வந்ததில் வியப்பென்ன?

மூன்றாவதுதான் நெஞ்சைத் தொட்டது. கோவையில் பணியாற்றிய ஆறாண்டுகளில் அவர் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் அமர்ந்தவர். நோய்த்தொற்றுத் தடுப்பு, மூச்சுநின்றோர்க்கு முதலுதவி, பச்சிளங்குழந்தைப் பேணல் என்று பலவும் கற்றவர். ஆயினும் கையில் ஒரு சான்றும் இல்லை. "அன்னைக்கு வாங்கி வைக்கணும்னு தோணலையே சாமி" என்றார். கற்றது உள்ளத்தில் இருந்தது. காட்டக் காகிதம் இல்லை.

என்ன செய்யலாம்?

இத்துன்பம் பிறர்க்கு நேராதிருக்க, செவிலியர் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பதிவில் தருவது தம் சொந்தக் கைப்பேசி எண்ணாகவும் மின்னஞ்சலாகவும் இருக்கட்டும். அண்ணன் எண், கணவர் எண், கடைக்காரர் எண் வேண்டா. எண் மாறினால் அன்றே பதிவிலும் மாற்றுக.

பெயர் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே பெற்றோர் இதைச் சரிபார்ப்பது சாலச் சிறந்தது. மணமான பின் பெயரை மாற்ற வேண்டுமென்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. மாற்ற விரும்புவோர் முறைப்படி மாற்றி, அதற்குரிய சான்றைக் காக்க.

பயிற்சி வகுப்பு முடிந்த அன்றே சான்றிதழைக் கேட்டுப் பெறுக. குழுமத்தின் ஒப்புதல் பெற்ற பயிற்சியா, அதில் மணி நேரம் குறித்திருக்கிறதா என்று நோக்குக. ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், தலைப்பு, நடத்தியவர், மணி நேரம் ஆகிய நான்கையும் எழுதுக. சான்றைப் படமெடுத்துத் தம் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், வெள்ளமோ கரையானோ அதை அழிக்க முடியாது.

பதிவு முடியும் நாளை, வீட்டு நாட்காட்டியில் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல் குறித்து வைக்க. மூன்று மாதம் முன்னரே தொடங்குக. கட்டணம் செலுத்திய ரசீதின் எண்ணைப் பத்திரப்படுத்துக. இ-சேவை மையத்தாரின் உதவியைப் பெறலாம், கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிறரிடம் ஒப்படைத்தல் ஆகாது. "எல்லாம் நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரிடம் எச்சரிக்கை வேண்டும்.

கணவர்மாரிடமும் மாமியார்மாரிடமும் ஒரு சொல். வீட்டுக்காகப் பணியை விட்ட பெண், தன் தொழிலையே விட்டவள் அல்லள். மருமகள் வீட்டிலிருக்கும் ஆண்டுகளிலும் அவள் பதிவு உயிரோடிருக்க, மாதம் இரண்டரை மணி நேரம் குழந்தையை ஏந்திக்கொள்வது பெரிய தியாகமா? தந்தை ஒத்திக்கு வைத்த வயல் அந்தச் சான்றிதழுக்குள் அன்றோ இருக்கிறது!

அலுவலகங்களை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். கணினி வழி நகரத்தார்க்கு எளிது. மலையடிவாரத்துச் சிற்றூரில், அலைவரிசை வந்தும் போயும் இருக்கையில், ஆங்கிலப் படிவம் ஒன்றை நிரப்புவது அத்துணை எளிதன்று. தமிழில் வழிகாட்டும் குறிப்பும், கேள்விக்கு மறுமொழி தரும் மனிதக் குரலும் இருந்தால் பலர் தப்பிப் பிழைப்பர்.

நம் சகோதரிக்கு என்ன ஆயிற்று? ஆதாரைத் திருத்த சில வாரங்கள். எண்ணை மாற்ற சில வாரங்கள். பயிற்சி வகுப்புகளில் புதிதாய் அமர்ந்து மணி நேரம் சேர்க்கச் சில மாதங்கள். அதற்குள் இராஜபாளையத்து இடம் வேறொருவர்க்குச் சென்றுவிட்டது. அந்த இழப்பை மறைப்பதற்கில்லை. பதிவு புதுப்பிக்கப்பட்டு வந்த பின்னரே, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், முன்னதைவிடக் குறைந்த ஊதியத்தில், வேறொரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது.

அண்மையில் ஞாயிறு பூசைக்குப் பின் நம்மிடம் வந்து, கைப்பையிலிருந்து நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைக் காட்டினார். முதற்பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதப்பட்டிருந்தன: நாள், தலைப்பு, நடத்தியவர், மணி நேரம். அதன் கீழே பெரிய எழுத்தில், அடுத்த புதுப்பிப்புக்குரிய ஆண்டும் மாதமும்.

உங்கள் இல்லத்திலும் ஒரு செவிலியர் இருக்கக்கூடும். இன்றிரவு பெட்டியைத் திறந்து அச்சான்றிதழின் தேதியை ஒருமுறை பாருங்கள்.